குளிர்நாட்டில் ஆமை

செட்டிநாட்டில் ஊருணி இல்லாத ஊரைக் காண்டல் அரிது. காலை வெயில் சற்றே ஏறியபின் ஊருணிக் கரையில் நின்று பார்த்தால், படிக்கல்லின்மேல் காராமை ஒன்று ஏறி வந்து, கழுத்தை நீட்டி, கால்களைப் பரப்பி அசைவின்றிக் கிடக்கும். அது சோம்பிக் கிடப்பதாகச் சிறுவர் எண்ணுவர். கல்லெறிந்து எழுப்பவும் முயல்வர். உண்மையில் அவ்வேளையில் அஃது ஓர் இன்றியமையாத தொழிலைச் செய்துகொண்டிருக்கிறது. இரை தேடுவதற்கும், உண்ட இரை செரிப்பதற்கும், கைகால் வீசி நீந்துவதற்கும் வேண்டிய வெப்பத்தை அது கதிரவனிடமிருந்து பெற்றுக்கொண்டிருக்கிறது.

நாமும் மாடும் ஆடும் பறவைகளும் உண்ட உணவைக்கொண்டே உடலில் வெப்பத்தை உண்டாக்கிக் கொள்கிறோம். மார்கழிப் பனியிலும் சித்திரை வெயிலிலும் நம் உடலின் சூடு ஏறத்தாழ ஒரே அளவினதாய் இருக்கிறது. ஆமைக்கு அவ்வாற்றல் இல்லை. சூழ இருக்கும் நிலமும் நீரும் காற்றும் எவ்வளவு வெப்பமோ, பெரும்பாலும் அவ்வளவே அதன் உடலும் வெப்பமாயிருக்கும். இத்தகைய உயிர்களைக் குளிர்ந்த குருதியுடையன என்று பாடநூல்கள் கூறுவது வழக்கம். அது பொருத்தமான பெயர் என்று எனக்குத் தோன்றவில்லை. அக்கினி நட்சத்திர நாளில் நம் ஊர்ப் படிக்கல்லில் கிடக்கும் ஆமையைத் தொட்டுப் பார்த்தவர் எவரும் அதன் குருதி குளிர்ந்தது என்று சொல்லார்.

நிகண்டு கற்றோர் ஆமைக்குரிய பெயர்களாகக் கமடம், கூர்மம், கச்சபம் முதலியவற்றைக் கூறுவர். அவற்றுள் ‘உறுப்படக்கி’ என்பது தமிழின் இனிமை தோன்ற அமைந்தது. இடர் வருங்கால் நான்கு காலையும் தலையையும் ஓட்டினுள் அடக்கிக்கொள்ளும் இயல்பால் அப்பெயர் பெற்றது. வள்ளுவரும் அடக்கமுடைமை என்னும் அதிகாரத்தில் இவ்வியல்பை உவமையாக எடுத்தாண்டார். ஆனால் உறுப்பை அடக்குதல் நரிக்கும் நாய்க்கும் அஞ்சிய வேளையில் உதவுமேயன்றிப் பனிக்கு உதவாது. ஆமையோடு என்பது நாம் அணியும் சட்டைபோல் புறத்தே போர்த்தது அன்று. முதுகெலும்பும் விலாவெலும்புகளும் ஒன்றாய் இணைந்து அமைந்த உயிருள்ள உறுப்பு. அதனூடே குருதி ஓடுகிறது. குளிர் அதனைக் கடந்து எளிதில் உள்ளே புகும்.

இவற்றை இங்கு எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என்பால் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது கனடா நாட்டில் டொராண்டோ நகரில் இல்லறம் நடத்துகிறார். அவருடைய மகளுக்குப் பத்து வயது. அங்குள்ள கடை ஒன்றில் உள்ளங்கை அளவினதாகிய ஆமைக்குஞ்சு ஒன்றைக் கண்டு, அதனை வாங்கித் தரவேண்டும் என்று அக்குழந்தை வேண்டுகிறதாம். ‘சல்காட்டா’ என்பது அவ்வாமையின் பெயர், ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. வீட்டில் இடமும் உண்டு, பொருளும் உண்டு, வளர்க்கலாமா என்று அவர் கேட்டிருந்தார். வேண்டா என்பதே என் கருத்து. குழந்தையின் விருப்பத்தை ஒரு சொல்லால் மறுத்தல் எளிது. மறுப்பவர் காரணம் காட்டக் கடமைப்பட்டவர் ஆதலின், காரணங்களை இங்கே விரித்துரைக்கிறேன்.

குளிர்நாட்டில் ஆமையே வாழாது என்று எவரும் எண்ணிவிடலாகாது. கனடா நாட்டுக் குளங்களிலேயே ‘வண்ண ஆமை’ என்னும் சிற்றாமைகள் வாழ்கின்றன. கூதிர் முடிந்து குளத்தின் மேற்பரப்பு பனிக்கட்டியாய் உறைந்தபின், அவை அடியில் உள்ள சேற்றில் மூன்று திங்களுக்கு மேலும் மூச்சு விடாமலே கிடக்கும். உயிர்வளி இன்றி உடல் இயங்கும்போது தசைகளில் ஒருவகைப் புளிப்பமிலம் சேரும். நம் உடலில் அவ்வளவு சேர்ந்தால் இறப்பு உறுதி. அவ்வாமையோ தன் ஓட்டிலுள்ள சுண்ணச் சத்தைக் கரைத்து அவ்வமிலத்தின் கொடுமையைத் தணித்துக் கொள்ளுகிறது. ஓடு அங்கே அரணாக மட்டும் அன்றி மருந்துப் பேழையாகவும் பயன்படுகிறது. எண்ணுந்தோறும் வியப்பைத் தருவது இது. ஆயினும் இத்திறம் அந்நாட்டுப் பனியிலேயே எண்ணிறந்த தலைமுறைகள் வாழ்ந்து பெற்றது. வெப்பநாட்டு ஆமையைக் கொண்டுபோய் அக்குளத்தில் இட்டால் ஓர் இரவில் அத்திறம் அதற்கு வந்துவிடாது.

நம் ஊருணிகளில் வாழும் பாலாமைக்கும் ஓர் உறக்கம் உண்டு. கோடையில் நீர் வற்றிச் சேறு இறுகும்போது, அது மண்ணுள் புதைந்து, மழை வரும்வரை காத்திருக்கும். இது வறட்சிக்கு அஞ்சிய உறக்கம். பனிக்கு அஞ்சி உறங்குதல் வேறு. ஒவ்வோர் இனமும் தன் நிலத்துக்கு ஏற்ற உறக்கத்தையே அறியும். சில இனங்கள் எவ்வகை நீண்ட உறக்கத்தையும் அறியா.

இவ்வேறுபாட்டை விளக்குதற்கு இங்கிலாந்து நாட்டின் பழைய வரலாறு ஒன்று துணை செய்யும். அந்நாட்டின் தென்பகுதியில் செல்போர்ன் என்பது ஒரு சிற்றூர். கில்பர்ட் ஒயிட் என்னும் சமயகுரு அங்கே வாழ்ந்து, தம் ஊரின் செடி கொடிகளையும் பறவை விலங்குகளையும் நாள்தோறும் உற்றுநோக்கி, 1789ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய அத்தையார் ரிங்மர் என்னும் ஊரில் ஓர் ஆமையை நெடுங்காலம் வளர்த்து வந்தார். 1780ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அத்தையார் மறைந்தபின், ஒயிட் அதனை மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, மண் நிரம்பிய பெட்டியில் வைத்து, 80 மைல் தொலைவு வண்டியில் ஏற்றித் தம் ஊருக்குக் கொணர்ந்தார். உறக்கம் கலைந்த ஆமை சீறிச் சினந்ததாம். வந்த அன்று தோட்டத்தில் இருமுறை நடந்து பார்த்துவிட்டு, மாலையில் குளிர் மிகவே, மீண்டும் மண்ணைப் பறித்துப் புதைந்துகொண்டது. அதன்பின் ஆண்டுதோறும் நவம்பரில் புதைவதும் ஏப்பிரலில் வெளிப்படுவதும் அதன் வழக்கமாயின. ஒயிட் 1793இல் இறந்தார். ஆமை அடுத்த ஆண்டில் இறந்தது. திமத்தி என்று ஆண்பெயர் இட்டு அழைக்கப்பட்ட அவ்வாமை பெண் என்பது, அது மடிந்து நெடுங்காலம் கழித்து அதன் ஓட்டை ஆராய்ந்தபின்னரே தெரிய வந்தது. அத்துணைக் கூர்ந்த நோக்குடைய அறிஞருக்கும் ஆமை தன் மறைகள் அனைத்தையும் காட்டிவிடவில்லை!

இவ்வரலாற்றைப் படித்தோர், ‘இங்கிலாந்தின் பனியில் அவ்வாமை வாழ்ந்ததன்றோ? மற்றையவும் வாழும்’ என்று முடிவு கட்டுவர். திமத்தி மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் வாழும் இனத்தைச் சேர்ந்தது. அந்நாடுகளில் குளிர்காலம் உண்டு. அவ்வினத்துக்குப் பனியுறக்கம் பிறப்பியல்பு. அளவிலும் அது பெரிதன்று. ஏழு இராத்தலுக்கும் சற்றுக் குறைந்த எடையே உடையது. அத்தகைய ஆமையை உறங்க வைப்பதற்குங்கூட மிக்க கருத்து வேண்டும். உறங்குமிடத்தின் வெப்பம் ஏறத்தாழ 5 பாகை செல்சியசு அளவில் நிற்றல் வேண்டும். உறைநிலைக்குக் கீழே இறங்கின் கண் பழுதுபடும், உயிரும் போகலாம். 10 பாகைக்கு மேல் ஏறின் உறக்கம் கலைந்து, சேர்த்துவைத்த கொழுப்பை வீணே செலவழித்து மெலியும். உறங்குமுன் சில வாரங்கள் அது பட்டினி கிடத்தல் வேண்டும். ஏனெனில் குளிரில் குடல் இயங்காது. வயிற்றில் எஞ்சிய இரை செரியாமல் அழுகும்.

சல்காட்டா இவ்வினத்தைச் சேர்ந்தது அன்று. சகாராப் பாலையின் தென்விளிம்பில், செனிகல் தொடங்கி எத்தியோப்பியா வரையில் பரந்துள்ள வறண்ட புல்வெளியே அதன் தாயகம். அங்கே வெப்பத்துக்கு அஞ்சி நிலத்தை ஆழத் தோண்டி வளை அமைத்து அதனுள் தங்கும். பனியுறக்கம் அதற்குத் தெரியாது. மாசி பங்குனி வரை நீளும் கனடா நாட்டுக் குளிர்காலம் முழுவதும் அது விழித்திருக்கும், பசியோடும் இருக்கும், புல்லும் வைக்கோலும் நாள்தோறும் தின்னும், நடக்க இடம் தேடும். நம் நாட்டுக் கட்டாமையாகிய நட்சத்திர ஆமையின் நிலையும் பெரும்பாலும் இத்தகையதே. மார்கழியில் உதகமண்டலத்துப் புல்வெளிகளில் உறைபனி படிவதைக் கண்டவர்கள், நம் முட்காட்டு ஆமையை அங்கே ஓர் இரவு விட்டுவைத்தால் என்னாகும் என்பதை எண்ணிப் பார்க்கட்டும். டொராண்டோவின் குளிர் உதகையின் குளிரைப்போல் பன்மடங்கு கொடியது.

இனி, உடலின் பெருமையைப் பற்றி ஒன்று கூறவேண்டும். பெரிய பொருள் மெல்லக் குளிரும் என்பது உண்மை. கடலாமைகளுள் மிகப் பெரிதாகிய தோணியாமை தன் பேருடலின் துணையால் கடல்நீரினும் மிக்க வெப்பத்தைக் காத்துக்கொண்டு, கனடாவின் கீழைக்கடல் வரையிலும் சென்று இரை தேடுகிறது. ஏனைய கடலாமைகளுக்கு அவ்வன்மை இல்லை. 2021ஆம் ஆண்டு பெப்ருவரியில் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் எதிர்பாராத கடுங்குளிர் வந்தபோது, ஆயிரக்கணக்கான பேராமைகள் செயலற்று நீரில் மிதந்தன. மக்கள் அவற்றைத் தோணிகளில் ஏற்றி வந்து, ஒரு மாநாட்டு மண்டபத்தின் தரையில் வரிசை வரிசையாகக் கிடத்திச் சூடேற்றினர்.

மெல்லக் குளிரும் பேருடல் மெல்லவே வெப்பமுறும் என்பதையும் மறத்தலாகாது. வளர்ந்த சல்காட்டா 40, 50 கிலோகிராம் எடையுடையது. ஆண் அதனினும் பருக்கும். குளிர்ந்துபோன அத்தகைய உடலின் நடுப்பகுதி வரையில் சூடு சென்று சேர நெடுநேரம் ஆகும். வளர்ப்போர் பலர் முதுகுக்கு மேலே ஒற்றை மின்விளக்கைத் தொங்கவிட்டு, இதுவே போதும் என்று இருந்துவிடுவர். ஓட்டின் உச்சி கருகும். உள்ளே குடலோ குளிர்ந்தே கிடக்கும். சிறு ஆமைக்கு ஒரு பெட்டி போதும். பெரிய ஆமைக்கு ஓர் அறை முழுவதையும் இரவும் பகலும் வெம்மையாக்குதல் வேண்டும். அவ்வறையின் சுவரும் கதவும் வலியனவாய் இருத்தலும் வேண்டும். தோண்டிப் பழகிய கால்கள் அவற்றை இடித்துக்கொண்டே இருக்கும்.

வெப்பம் ஒன்றைக் கொடுத்துவிட்டால் முடிந்ததா? ஒளியும் வேண்டும். கதிரவனின் புறஊதாக் கதிர் மேலே பட்டால்தான் ஆமையின் உடலில் டி என்னும் உயிர்ச்சத்து உண்டாகும். அஃது இல்லையேல் உண்ட சுண்ணச்சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேராது. ஓடு மெலிந்து கோணும். குளிர்காலக் கதிரவன் வடநாடுகளில் வானத்தில் மிகத் தாழ்ந்து செல்வதால் அக்கதிர் நிலத்தை அடைவது மிகக் குறைவு. வரும் சிறிதையும் சாளரக் கண்ணாடி தடுத்துவிடும். கண்ணாடிக்கு இப்பால் வெயிலில் கிடக்கும் ஆமை வெயில் காய்வதுபோலத் தோன்றுமேயன்றி, அதனால் பெறவேண்டியதைப் பெறாது. மேலும், குளிரோடு ஈரமும் சேர்ந்தால் அதற்குச் சளிக்காய்ச்சல் வரும். நமக்கு நெஞ்சுச் சளி வந்தால் இருமி வெளியேற்றுகிறோம். விலாவெலும்பு ஓட்டோடு ஒட்டிய ஆமைக்கு நம்மைப்போல் மார்பை விரித்துச் சுருக்கி இருமுதல் இயலாது. சளி உள்ளேயே தங்கும். குரல்கொடுத்து அழும் இயல்பும் அதற்கு இல்லாமையால், வளர்ப்பவர் அறிந்து கொள்ளும்போது நோய் முற்றியிருக்கும்.

இவை எல்லாவற்றிற்கும் பொருள் செலவிட்டால் வழி உண்டு என்று என் மாணவர் கூறலாம். அறையை வெம்மையாக்கலாம், புறஊதாக் கதிர் தரும் விளக்கும் அங்கே விலைக்குக் கிடைக்கிறது, மருத்துவரும் உளர். அவர் கூறுவதை நான் மறுக்கவில்லை. பெரிய விலங்குக்காட்சிச் சாலைகள் பனிநாடுகளில் இராட்சத ஆமைகளை நன்கு பேணுகின்றன. எனக்குள்ள ஐயம் காலத்தைப் பற்றியது. நன்கு பேணினால் சல்காட்டா 70 ஆண்டும் அதற்கு மேலும் வாழும். கொல்கத்தாவின் அலிப்பூர் விலங்குக்காட்சிச் சாலையில் 2006ஆம் ஆண்டு மார்ச்சில் இறந்த அத்வைதா என்னும் அல்டாப்ரா ஆமைக்கு 250 வயது என்பர். அக்கணக்கு ஐயத்துக்குரியதேனும், நூறாண்டுக்கு மேலாக அஃது அங்கே வாழ்ந்தது. பேணியவர் தலைமுறை தலைமுறையாய் மாறினர். சாலை நிலைத்து நின்றமையால் ஆமையும் நிலைத்தது. தனிக்குடும்பம் அவ்வாறு நிற்குமா?

இவ்வினாவுக்கு விடை காணச் செட்டிநாட்டார் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் நம் முன்னோர் எழுப்பிய மாளிகைகளைப் பாருங்கள். பர்மாத் தேக்கும் வழவழப்பான சுண்ணச்சாந்தும் கொண்டு, மக்களும் மக்களின் மக்களும் கூடி வாழ்வர் என்னும் துணிவோடு கட்டினர். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகள். 1942இல் பர்மாவில் போர் மூண்டது. ஒரு தலைமுறையின் செல்வம் அங்கேயே நின்றுவிட்டது. பின்வந்தோர் சென்னைக்கும் பம்பாய்க்கும் கடல் கடந்தும் சென்றனர். இன்று பல வீடுகளில் வளவைக் கூட்டிப் பெருக்க ஒருவரே உளர். சிலவற்றில் அவரும் இலர். இவ்வாறு கூறுவது எவரையும் குறை சொல்வதற்கன்று. சுவருக்குப் பசி இல்லை. பூட்டிவைத்தால் திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ வந்து திறக்கும்வரை பொறுத்திருக்கும். உயிர் ஒன்றைப் பூட்டிவைத்துப் போதல் இயலுமா? பத்து வயதுப் பெண் எட்டாண்டு கழித்துக் கல்லூரிக்குச் செல்வாள். அப்பொழுது ஆமைக்கு இளமையே முடிந்திராது. தந்தை முதியர் ஆவார். 50 கிலோகிராம் எடையுள்ள உயிரைத் தூக்குதல் அவரால் இயலாது. தேக்கும் சாந்தும் கொண்டு கட்டியவர்களே கருதியதைக் காலம் மாற்றிவிட்டதென்றால், மின்கம்பியை நம்பிக் கட்டும் வெம்மை எத்துணைக் காலம் நிற்கும்? 2013ஆம் ஆண்டு டிசம்பரில் டொராண்டோவில் பனிமழை பெய்து மரக்கிளைகள் முறிந்து கம்பிகள் அறுந்தபோது, இலட்சக்கணக்கான வீடுகள் மின்சாரம் இன்றி இருளில் கிடந்தன. பல வீடுகளில் இந்நிலை சில நாள் நீடித்தது. மக்கள் உறவினர் வீடுகளுக்குச் சென்று தங்கினர். பேராமையை ஏற்கும் உறவினர் யார்?

‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆமை என்பதற்குப் பொறாமை, கல்லாமை, இயலாமை என்று சொல்லின் ஈற்றைக் காட்டிப் பொருள் கூறி, உயிராகிய ஆமையை அப்பழியினின்றும் விடுவிக்கும் புலவரும் உளர். அவ்விளக்கம் நயமுடையதே. ஆயினும் நான் கண்டறிந்தவரையில் கெடுவது வீடன்று; புகுந்த ஆமையே கெடுகிறது. அமெரிக்க நாட்டில் விலங்குக் காப்பகங்கள் பல, வளர்ப்பவர் கைவிட்ட சல்காட்டாக்களால் நிரம்பி, இனி இடமில்லை என்று கூறும் நிலைக்கு வந்துள்ளன. அவற்றை வாங்கியவர் எல்லாரும் கொடியவர் அல்லர். உள்ளங்கையில் அடங்கியதைக் கண்டு அன்பு கொண்டவரே பலர். விற்பவன் அதன் இருபதாம் ஆண்டின் உருவத்தைக் காட்டி விற்பதில்லை.

நம் நட்சத்திர ஆமையின் கதை இதனினும் இரங்கத்தக்கது. சல்காட்டா பெரும்பாலும் வளர்ப்பிடங்களிலேயே பொரிக்கப்பட்டு விற்பனைக்கு வருகிறது. இதுவோ காட்டில் பிடிக்கப்படுவது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதனைப் பிடித்தலும் விற்றலும் வீட்டில் வைத்திருத்தலும் குற்றம். 2019இல் உலக நாடுகளும் கூடி, வாணிகத்துக்காக இதனை நாடுவிட்டு நாடு கொண்டு செல்லலாகாது என்று முடிவு செய்தன. இருந்தும், அசையாதபடி கட்டிப் பெட்டியில் அடுக்கிய நூற்றுக்கணக்கான ஆமைக்குஞ்சுகளைச் சென்னை வான்நிலையத்தில் அதிகாரிகள் மீண்டும் மீண்டும் கைப்பற்றி வருகின்றனர். ஓட்டிலுள்ள விண்மீன் கோலமே அதற்குப் பகையாயிற்று. காய்ந்த புல்லின் நிழலிடையே கிடக்கும்போது உருவை மறைக்கும் அக்கோலம், அயல்நாட்டு அறையின் கண்ணாடிப் பெட்டிக்குள் அணியாகிவிடுகிறது.

நம் மாவட்டத்தில் திருப்பத்தூரை அடுத்து வேட்டங்குடியும் கொள்ளுக்குடிப்பட்டியும் உள்ளன. அங்குள்ள கண்மாய்களுக்குப் பறவைகள் பருவந்தோறும் தாமே வருகின்றன. பருவம் முடிந்தால் தாமே செல்கின்றன. அவை அஞ்சுமே என்று அவ்வூரார் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. சிறகுடைய உயிர் தட்பவெப்பம் நாடி வந்து போகிறது. ஆமையோ பிறந்த நிலத்தின் வெயிலையே தன் உடற்கூற்றாகக் கொண்டது, தானாக நாடு மாறாது, நாமே மாற்றினாலன்றி. டொராண்டோச் சிறுமிக்கு ஆமைமேல் விருப்பம் உண்டாயின், அந்நாட்டுக் குளக்கரையில் கோடைக்காலக் காலை ஒன்றில் சென்று நிற்கட்டும். விழுந்த மரத்தின்மேல் வண்ண ஆமைகள் வரிசையாக ஏறி, நம் ஊருணிக் காராமையைப் போலவே கழுத்தை நீட்டி வெயில் காய்வதைக் காணலாம். அவற்றைப் பிடித்து வரவும் வேண்டா. அவற்றுக்கு அறையைச் சூடாக்கவும் வேண்டா.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர் என் செய்வது என்று கேட்பின், அவர் கடமை வேறு. வளர்க்க இயலவில்லை என்று அருகிலுள்ள காட்டிலோ குளத்திலோ விட்டுவிடுதல் கூடாது. குளிர்நாட்டில் அது முதற்பனியில் மடியும். வெப்பநாட்டிலோ அவ்விடத்து ஆமைகளுக்கு அயல்நோயைப் பரப்பக்கூடும். தகுந்த காப்பகத்தைத் தேடி ஒப்படைத்தல் வேண்டும். அதுவரை அறையின் வெம்மையைக் குறைத்தலும் ஆகாது. தம் காலத்துக்குப்பின் அதனை ஏற்பவர் இன்னார் என்று எழுதியும் வைத்தல் வேண்டும். தாயகத்துக்கே திருப்பி அனுப்புதலும் எண்ணுமளவுக்கு எளிதன்று. 2018ஆம் ஆண்டு நவம்பரில், கள்ளத்தனமாய்க் கொண்டு செல்லப்பட்டுச் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட நட்சத்திர ஆமைகள் 51, வானூர்தியில் கருநாடக மாநிலத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றையும் இறங்கிய அன்றே காட்டில் விட்டுவிட முடியவில்லை. நோய் உண்டா என்று தனியே வைத்துப் பார்த்தும், மீண்டும் காட்டு வாழ்வுக்குப் பழக்கியுமே விடவேண்டியிருந்தது.